குதிரை எண்ணப் போன கதை

உங்க வண்டியில எத்தனை குதிரை இருக்குன்னு என்னைக்காவது எண்ணிப் பாத்திருக்கீங்களா? நான் எண்ணினேன். அதுக்காக ரெண்டு மாசம் கோயமுத்தூர் பூரா சுத்தி, தங்கமணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, கடைசியில ஒருத்தர்கிட்ட மன்னிப்பும் கேட்ட கதைதான் இது. கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க.

முதல்ல கொசுவத்தி சுத்திடறேன்.

என்கிட்ட இருக்கறது 2015 மாடல் மாருதி ஸ்விஃப்ட் டீசல். 2021ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஃபியட்காரன் வடிவமைச்ச 1248 சிசி எஞ்சின். ஒரு காலத்துல ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோன்னு எந்த பானட்டைத் திறந்தாலும் இதுதான் உட்கார்ந்திருக்கும். அதனால 'இந்தியாவின் தேசிய எஞ்சின்'னு பட்டப்பேரே உண்டு. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 விதி வந்தப்ப மாருதி டீசலையே விட்டுட்டாங்க. என் வண்டியில இது 75 பி.எஸ். இதே எஞ்சின், வேற டர்போவோட, எர்டிகாவுலயும் சியாஸ்லயும் 90 பி.எஸ். அந்த 15 குதிரைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

எஞ்சினை ஆட்டி வைக்கிற பொட்டிக்குள்ள, எந்த ஆர்.பி.எம்.ல எவ்வளவு டீசல் விடணும், டர்போ எவ்வளவு அழுத்தணும்னு அட்டவணை அட்டவணையா எழுதி வெச்சிருப்பாங்க. அதை மாத்தி எழுதறதுக்குப் பேர் ரீமேப். பொட்டி தட்டிப் பொழைக்கிறவனுக்கு இதைவிட ஆசை காட்ட என்ன வேணும்? வெளியூர்ல ஒருத்தரைப் பிடிச்சேன். "75 இருக்கறது 95 ஆகும் சார்" என்றார். 16 ஆயிரம் ரூபாய். வாஷிங் மெஷினுக்குன்னு தங்கமணி ஒதுக்கி வெச்சிருந்த பணம். அடுத்த மாசம் போட்டுடறேன்னு சொல்லி எடுத்தேன். எந்த வருஷத்து அடுத்த மாசம்னு சொல்லல.

முதல் நாலு மாசம் சொர்க்கம். அவிநாசி ரோட்டுல மிதிச்சா பறந்துச்சு. இல்ல, பறக்கற மாதிரி இருந்துச்சு. 16 ஆயிரம் கொடுத்தவனுக்குப் பறக்காம வேற எப்படி இருக்கும்?

2023 டிசம்பர்ல வால்பாறை கிளம்பினோம். நான், தங்கமணி, பின் சீட்ல அம்மா. ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுல வண்டியை நிறுத்தி ஆழியார் அணையைப் பாத்தோம், முறுக்கு தின்னோம், மறுபடி ஏறினோம். முன்னால ஒரு அரசு பஸ் ஊர்ந்துக்கிட்டிருந்துச்சு. கொஞ்சம் நேரா ரோடு தெரிஞ்சதும் ஹாரன் அடிச்சு, வலது பக்கம் எடுத்து, ஒரே மிதி. மலைப் பாதையில ஏறும்போது பஸ்ஸை ஓவர்டேக் பண்றது தப்புதான், திட்டணும்னா திட்டிக்குங்க. மிதிச்சதும் எஞ்சின் கத்துச்சு. ஆர்.பி.எம். முள்ளு சர்ருன்னு மூவாயிரத்துக்குப் போச்சு. வண்டி மட்டும் போகல. பஸ் பக்கத்துலயே நிக்கறேன், எதிர்ல மேலேருந்து ஒரு ஜீப் இறங்குது. பிரேக்கைப் போட்டு எப்படியோ பஸ்ஸுக்குப் பின்னாலயே ஒண்டிக்கிட்டேன். ஜீப்காரர் கையை ஆட்டி என்னமோ சொல்லிட்டுப் போனார். நல்லவேளை, கண்ணாடி ஏத்தியிருந்துச்சு.

அட்டகட்டி வரைக்கும் வண்டிக்குள்ள யாரும் பேசல. அம்மாதான், "ஏதோ தீயற வாசனை வருதே கண்ணு" என்றார். "மேலேருந்து இறங்கற லாரி பிரேக் வாசனைம்மா"ன்னேன். அவ்ளோ உறுதியாச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மண்டையில ஓடுனது ஒண்ணே ஒண்ணுதான். ரீமேப்காரன் ஏமாத்திட்டான்! 95ஆவது ஒண்ணாவது, இருந்த 75ஐயும் கெடுத்து வெச்சிருக்கான். தங்கமணிகிட்ட அப்படித்தான் சொன்னேன். ஆபீஸ்ல அஞ்சு பேர்கிட்டயும் சொன்னேன். ஆனா ஆதாரம் வேணுமே. காரை உருளை மேல ஏத்தி ஓட்டி, சக்கரத்துல எவ்வளவு சக்தி வருதுன்னு அளக்கற டைனோ மெஷின்ல நிறுத்தி, அந்தப் பேப்பரை அவர் மூஞ்சியில வீசணும். இதுதான் திட்டம்.

'டைனோ, கோயமுத்தூர்'னு தேடினா முதல்ல வந்தது குழந்தைங்க பிறந்தநாளுக்கு டைனோசர் பொம்மை வாடகைக்கு விடற கடை. ரெண்டாவதா ஒரு நம்பருக்குப் போன் பண்ணி "டைனோ இருக்குங்களா"ன்னா, "டைனமோவா தம்பி? கொண்டாங்க, காயில் கட்டித் தர்றோம்"னாங்க. எங்க ஊர் பம்ப்செட் ஊர்ங்கறது மறந்துபோச்சு :-) சர்வீஸ் சென்டர்ல கேட்டேன். "ஸ்கேனிங் பண்ணித் தர்றோம் சார், எரர் கோடு இருந்தா வரும்" என்றார் அட்வைசர். எரர் கோடு ஒண்ணும் வரல. புனேயில ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கு, ஒரகடத்துல ஜி.ஏ.ஆர்.சி. இருக்கு. அதெல்லாம் கம்பெனிக்காரங்க புது வண்டியைச் சோதிக்கற இடம். அங்க போய் என் ஸ்விஃப்ட்டைக் கொஞ்சம் பாருங்கன்னு நிக்க முடியாது. டைனோ இருக்குன்னு சொன்ன ரெண்டு இடத்துக்கு நேர்லயே போனேன். ரெண்டுலயும் இருந்தது ஒத்தை உருளை, பைக்குக்கு மட்டும்.

அப்பதான் புத்தி வந்துச்சு. நான் இருக்கற ஊர் எது? 2005ல இந்தியாவுலேருந்து முதல்முதலா எஃப்1 ஓட்டின நரேன் கார்த்திகேயன் ஊர். 1995ல விமான விபத்துல இறந்துபோன எஸ்.கரிவரதன், மாருதி எஞ்சினைப் போட்டு ரேஸ் கார் கட்டின ஊர். அவர் பேர்லதான் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, 2003லேருந்து. ரேஸ் நடக்கற ஊர்ல ரேஸ் மெக்கானிக் இல்லாமயா போவாங்க? கணபதியில எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச லேத் பட்டறைப் பெரியவர் ஒருத்தர், ஒரு காலத்துல ரேஸ் பைக்குக்கு ஹெட் கடைஞ்சு கொடுத்தவர். போய்க் கேட்டேன்.

"ஏந்தம்பி, குதிரையை எண்ணி என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"ஒருத்தன் ஏமாத்திட்டானுங்க."

ஒரு மாதிரி என்னைப் பாத்துட்டு, செட்டிபாளையம் போற வழியில ஒரு சந்தைச் சொன்னார். போர்டு இருக்காது, பச்சை கேட்டு, உள்ள ஷெட்டு. போன் பண்ணிட்டுப் போங்க.

போனேன். ஷெட்டுக்குள்ள தரையோட தரையா ரெண்டு பெரிய உருளை. பாத்ததும் எனக்கு காலேஜ் தெர்மல் லேப் ஞாபகம் வந்துடுச்சு. நான் படிச்சது மெக்கானிக்கல் சாமி, நம்புங்க. அங்க ஒரு கிர்லோஸ்கர் ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சின், அது சக்கரத்துல கயிறைச் சுத்தி, எடை தொங்கவிட்டு, ஸ்பிரிங் தராசுல அளவு பாப்போம். ரோப் பிரேக் டைனமோமீட்டர். அதாவது, பாக்கணும். நாங்க சீனியர் ரெக்கார்டைப் பாத்து ரீடிங் எழுதினோம். அன்னைக்கு ஒழுங்கா அந்தக் கயிறைப் பிடிச்சிருந்தா இந்தக் கதையே நடந்திருக்காது.

மூணு ஓட்டத்துக்கு 3,500 ரூபாய். கடைக்காரர் என் வயசுதான் இருப்பார். வண்டியை ஏத்தறதுக்கு முன்னாலயே ஒண்ணு சொன்னார். "சார், இங்க வர்றது சக்கரத்துல இருக்கற சக்தி. கம்பெனி சொல்ற 75 எஞ்சின்ல அளந்தது. கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டயர்னு வழியில பத்துலேருந்து பதினஞ்சு சதவீதம் தின்னுடும். ஸ்டாக் வண்டி இங்க 65 காட்டினா நல்ல வண்டின்னு அர்த்தம். சில கடையில இருவது, இருவத்தஞ்சு சதவீதம்னு கூட்டி எஞ்சின் கணக்காப் போட்டுக் கொடுப்பாங்க. கஸ்டமருக்கும் சந்தோஷம்." கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேல இருக்கு. காத்து அழுத்தம், வெயில் எல்லாத்துக்கும் மெஷின் ஒரு திருத்தம் போடும், டர்போ வண்டிக்கு அது கொஞ்சம் மிகையாவே போகும். அதனால ஒரே மெஷின்ல, ஒரே கியர்ல முன்னாலயும் பின்னாலயும் எடுத்துப் பாத்தாத்தான் ரீமேப்புக்கு ஒரு கணக்கு. என்கிட்ட 'முன்னால' இல்ல. இந்த ஆள்கிட்ட முதல்லயே வந்திருக்கணும்.

பின் சக்கரத்தை பெல்ட் போட்டு இழுத்துக் கட்டினாங்க. முன்னால ஆளுயர ஃபேன். ஓ.பி.டி. சாக்கெட்ல ஒரு ஒயர், எஞ்சின் ஆர்.பி.எம். படிக்க. நாலாவது கியர், 1,500லேருந்து முழு மிதி. ஷெட்டே அதிருது, எனக்கு வயித்தைக் கலக்குது. 2,200 தாண்டினதும் சத்தம் திடீர்னு எகிறிச்சு. அவர் உடனே காலை எடுத்துட்டார். இன்னொரு தடவை, மெதுவா. அதே இடம். ஸ்கிரீன்ல 56 குதிரை.

"பாத்தீங்களா, ஏமாத்திட்டான்!"ன்னேன்.

அவர் ஒண்ணும் சொல்லாம ஸ்கிரீன்ல இன்னொரு கோட்டைக் காட்டினார். எஞ்சின் ஆர்.பி.எம்.மை உருளை வேகத்தால வகுத்த கோடு. ஒரே கியர்ல போகும்போது அது படுத்த மாதிரி நேரா இருக்கணும், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கறது வெறும் பல்சக்கரம்தானே. என்னுது 2,200ல படுக்கையிலேருந்து எந்திரிச்சு நின்னுச்சு. எஞ்சின் சுத்துது, உருளை அந்த அளவுக்குச் சுத்தல.

"க்ளட்ச் சார். வழுக்குது. டயர் வழுக்கினா ரப்பர் கத்தும், இது கத்தல. வாசனை வருதா?"

வந்துச்சு. வால்பாறையில வந்த அதே வாசனை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். க்ளட்ச்சுக்கு வலி குதிரைசக்தியால வர்றதில்ல, டார்க்கால வருது. என் எஞ்சினோட ஸ்டாக் டார்க் 190 நியூட்டன் மீட்டர், 2,000 ஆர்.பி.எம்.ல. ஆனா 75 பி.எஸ். வர்ற 4,000ல வெறும் 132தான் வரும் (கிலோவாட்டை 9549ஆல பெருக்கி ஆர்.பி.எம்.மால வகுங்க). அதாவது க்ளட்ச் திணறுறது உச்ச வேகத்துல இல்ல, ஏத்தத்துல ரெண்டாயிரத்துச் சொச்சத்துல மிதிக்கறோமே, அங்கதான். ரீமேப் அந்த இடத்துலதான் நிறைய ஏத்தியிருக்கு. முதல் ஓனர் தேய்ச்சு மீதி வெச்ச க்ளட்ச், அதுக்கு மேல டிராஃபிக்ல எப்பவும் க்ளட்ச் பெடல் மேலயே காலை வெச்சிருக்கற என் பழக்கம். நான் ஹார்ஸ்பவர் ஹார்ஸ்பவர்னு அலைஞ்சேன். பஸ்ஸுக்குப் பக்கத்துல மாட்டி வெச்சது தேஞ்சுபோன ஒரு தட்டு.

பதினோராயிரத்துச் சொச்சம் ஆச்சு. கழட்டின தட்டைக் காட்டினாங்க. நிலாவைப் பாக்கற மாதிரி கண்ணாடியா மின்னுச்சு.

புது க்ளட்ச் பழகட்டும்னு ரெண்டு வாரம் விட்டு மறுபடி பச்சை கேட்டு. மூணு ஓட்டம். 78, 80, 79. எஞ்சின் கணக்குக்கு மாத்தினா 90க்கும் 93க்கும் நடுவுல எங்கயோ நிக்குது. வகுத்த கோடு நேரா, ஸ்கேல் வெச்ச மாதிரி.

ரீமேப்காரர் சொன்னது 95.

அன்னைக்கு ராத்திரி அவரோட பழைய வாட்சப் மெசேஜை எல்லாம் மேல தள்ளித் தள்ளிப் பாத்தேன். ரீமேப்புக்கு மொத நாள் அனுப்பியிருக்கார்: "சார், வண்டி எத்தனை கிலோமீட்டர்? க்ளட்ச் ஒரு தடவை செக் பண்ணிட்டு வாங்க. டார்க் ஏறும்." கீழ ரெண்டு நீல டிக். அதுக்கு நான் போட்ட பதில், கட்டைவிரல்.

மறுநாள் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். அஞ்சு பேர்கிட்ட திட்டினதையும் சேர்த்துதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வண்டிக்குள்ள யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல சார்?" என்றார். ஆகலன்னேன். "மலைக்கு அடிக்கடி போறதா இருந்தா சொல்லுங்க, கீழ டார்க்கைக் குறைச்சு வேற மேப் போட்டுத் தர்றேன். காசு வேண்டாம்." அடுத்த சனிக்கிழமை போய்ப் போட்டுக்கிட்டேன். காசு கொடுத்தேன், வாங்கல. ஆபீஸ்ல அந்த அஞ்சு பேர்கிட்டயும் திருப்பிச் சொல்லியாச்சு. அதுல ரெண்டு பேர் அவர் நம்பர் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

தங்கமணிகிட்டதான் மூணு நாள் சொல்லாம இருந்தேன். துணி காயப் போட்டுக்கிட்டிருந்தப்ப போய் சொன்னேன். கையில துவைச்ச துணிங்கறது அப்பதான் உறைச்சுச்சு.

"அப்ப அன்னைக்கு வால்பாறையில, அவர் மேல தப்பு இல்ல?"

"இல்ல."

கிளிப்பை ஒண்ணு ஒண்ணா மாட்டி முடிச்சுட்டு, "அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அம்மா டிவி பாத்துக்கிட்டிருந்தார். க்ளட்ச், டார்க், உருளைன்னு நான் சொன்ன எதையும் காதுல வாங்கின மாதிரி தெரியல. சொல்லி முடிச்சதும் திரும்பிப் பாக்காமயே கேட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஏதோ தீயுதுன்னு?"