ஷேர்ஹோல்டர் சர்க்கார்!

பி.காம். படித்தவன் அமெரிக்காவைப் பற்றி எழுதினால் எதைப் பார்ப்பான்? சுதந்திர தேவி சிலையையா? ம்ஹூம்... கம்பெனிக் கணக்கைத்தான்!

வர்ஜீனியாவில், ஆற்றோரமாக ஜேம்ஸ்டவுன். ஒரு பழைய சர்ச் கோபுரம், தோண்டியெடுத்த கோட்டைச் சுவடுகள், அமைதி. 1607-ல் இங்கே ஆள் இறக்கியது, லண்டனில் ஷேர் விற்றுப் பணம் திரட்டிய வர்ஜீனியா கம்பெனி. 1609-லிருந்து பத்து வருஷம் அதற்குத் தலைவராக இருந்த சர் தாமஸ் ஸ்மித்தான், நம்மூரைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் முதல் கவர்னர். மனுஷருக்கு எத்தனை கடை பாருங்கள்!

தங்கம் தேடினார்கள், புகையிலைதான் விளைந்தது. குடியேறியவர்களைத் தக்கவைக்க 1619 ஜூலை 30-ம் தேதி கம்பெனி ஒரு சட்டசபை கூட்டியது. 22 பிரதிநிதிகள், இடம் சர்ச். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயர்களின் முதல் சட்டசபை அதுதான். அடுத்த மாசமே வர்ஜீனியா கரைக்கு வந்த ஒரு கப்பல், இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு உணவுப்பொருள் வாங்கிக்கொண்டு போனது. ஒரு பக்கம் ஓட்டு, மறுபக்கம் மனுஷ வியாபாரம். நடுவில் ஒரே மாசம்!

வடக்கே பாஸ்டன். 1630-ல் வந்த ப்யூரிட்டன்கள் கெட்டிக்காரர்கள். கம்பெனி சாசனத்தை லண்டனில் விட்டுவைக்காமல், கையோடு கப்பலில் கொண்டு வந்துவிட்டார்கள். ஷேர்ஹோல்டர் மீட்டிங்கே சட்டசபை ஆயிற்று! மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு இன்றும் 'ஜெனரல் கோர்ட்' என்றுதான் பெயர். கம்பெனிக் கூட்டத்தின் அதே பழைய பெயர்.

படிப்பில் புலிகள். ஐம்பது வீடு இருந்தால் ஊருக்கு ஒரு வாத்தியார் என்று 1647-லேயே சட்டம். வர்ஜீனியா கவர்னர் பெர்க்லியோ 1671-ல், 'இங்கே இலவசப் பள்ளிக்கூடமும் இல்லை, அச்சகமும் இல்லை, கடவுளுக்கு நன்றி' என்ற ரீதியில் லண்டனுக்கு எழுதினார்!

ஆனால் பாஸ்டனில் சர்ச் உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. 1659-ல் இன்னொரு சட்டம்: கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டாலும் அதேதான். ஆபீஸ் நண்பர்களே, யோசித்துப் பாருங்கள்!

மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள், அதை அடுத்தவனுக்குத் தர மறுத்தார்கள். 'மனசாட்சியில் சர்க்காருக்கு என்ன வேலை?' என்று வாதாடிய பாதிரியார் ரோஜர் வில்லியம்ஸுக்கு 1635-ல் ஊர்விலக்கு. நாரகான்செட் பூர்வகுடித் தலைவர்கள் கொடுத்த நிலத்தில் அடுத்த வருஷம் அவர் உண்டாக்கிய ஊர்தான் பிராவிடன்ஸ். பாஸ்டனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அதையொட்டி வளர்ந்த ரோட் ஐலண்டில் யாரும் எந்தச் சாமியையும் கும்பிடலாம். அதற்காக அதைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த நூற்றாண்டில் அதே ரோட் ஐலண்டின் நியூபோர்ட் வியாபாரிகள் அடிமைக் கப்பல் விட்டார்கள்.

மேரி டயர் ரோட் ஐலண்டில் வாழ்ந்த குவேக்கர் பெண்மணி. பாஸ்டனுக்குள் வரக்கூடாது என்ற தடையை மீறி மீண்டும் மீண்டும் வந்தார். 1660-ல் தூக்கில் போட்டார்கள்.

பாஸ்டன் போனால் சட்டசபைக் கட்டடத்தின் முன்னால் பாருங்கள். மேரி டயர் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஷேரும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆனாலும் மீட்டிங் நடக்கும் வாசலை விட்டு நகரவில்லை!