வள்ளத்திற் கற்ற பாடம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்வியின் பெருமையைப் பொதுவாகப் பேசுவதிலும், கற்றதை மறந்ததனால் யான் பட்ட துயரைக் கூறுவதே இளைய மாணவர்க்குப் பயன்தருமென எண்ணினேன்.

ஹல்துமுல்லைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்த என்னை, என் தந்தையார் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி நம் கல்லூரி விடுதியிற் சேர்த்தார். அங்கே அடுத்த கட்டிலில் உறங்கியவன் வல்வெட்டித்துறை நண்பன். 1972ஆம் ஆண்டு விடுமுறையொன்றில் அவன் இல்லஞ் சென்றேன். அவனுடைய தந்தையார், டீசல் இயந்திரம் பூட்டிய தம் வள்ளத்தைக் கடலில் விடுமுன், எண்ணெய்த் தாங்கியின் அடித்திருகைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் சிறிது வடித்தார். அடியிலே நீர் தனியாகப் பிரிந்து நின்றது. தூய எண்ணெய் வரும்வரை வடித்த பின்னரே திருகை மூடினார்.

“ஏன் ஐயா இவ்வளவு பாடு?” என்றேன்.

“தம்பி, ரோட்டிலை நிண்டால் இறங்கித் தள்ளலாம். கடலிலை நிண்டால் எங்கை இறங்கிறது?” என்று சிரித்தார்.

எங்கள் இரசாயன ஆசிரியர் பிரிபுனலைக் கொண்டு விளக்கியதும் இதுவே. ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ 840 கிராம் நிறையுடையது. நீரோ 1000 கிராம். ஆதலின் நீர் அடியிலே தங்கும். பரீட்சையில் இதனை எழுதிப் புள்ளிகளும் பெற்றேன், பின்னர் மறந்தேன்.

2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் நிலவியது. நாட்கணக்கில் வரிசையில் நின்று பெற்ற டீசலை, என் பழைய வானுக்கென இரண்டு கலன்களிற் பாதியளவு நிரப்பி, வீட்டின் பின்புறம் வைத்திருந்தேன். நம் மலைச்சரிவில் பகலில் வெயில், மாலையில் மூடுபனி. கலத்தினுட் புகுந்த ஈரக்காற்று இரவிற் குளிர்ந்து நீர்த்துளியாகும் என்பதை யான் சிந்திக்கவில்லை. நீரைப் போக்கும் மருந்தெனக் கடையில் விற்றதொன்றை, அளவு பாராது ஊற்றிவிட்டு நிம்மதியாயிருந்தேன்.

யூன் மாத இரவொன்றில் அயல் லயத்துப் பெண்ணுக்குப் பேறுநோ கண்டது. தியத்தலாவை வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். பெரகலை ஏற்றத்தில் வான் இருமுறை இருமி நின்றுவிட்டது. எங்கும் பனி, வீதியில் வேறு வாகனமில்லை. அப்பெண்ணின் தாயார் வாய்திறவாது என்னை நோக்கிய நோக்கு இன்றும் என் நெஞ்சைச் சுடுகின்றது. இறைவன் அருளால் மரக்கறி லொறியொன்று வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. தாயும் சேயும் பிழைத்தனர்.

மறுநாள் இயந்திரத் தொழிலாளர் வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார்: நீரும் கரிய வழுவழுப்பான பாசி போன்றதொன்றும்! டீசலும் நீரும் சந்திக்கும் எல்லையிலே பூஞ்சையும் பற்றீரியாவும் பெருகும் என்றார். அவற்றைக் கொல்லும் மருந்து உண்டெனினும், இறந்தவை அடைசலாகவே எஞ்சும். நீரை எண்ணெயோடு கலந்துவிடும் மருந்துமுண்டு. பிரித்து அடியிலிறக்கும் மருந்துமுண்டு. முன்னையது நீரை அகற்றுவதில்லை. இயந்திரத்தின் நுண்ணிய துவாரங்கள்வரை கொண்டு செல்லும். யான் ஊற்றியது அதுவே. எம்மருந்தாயினும் வடித்துச் சுத்தஞ் செய்த பின்னரே, குறித்த அளவில் இடத்தக்கது. தாங்கியைக் கூடியவரை நிறைத்து வைப்பதும், மூடியை இறுக்குவதும், வடிகட்டியின் அடிநீரை அடிக்கடி இறக்குவதும் எம்மருந்தினும் சிறந்தன.

அன்று முதல் என் வீட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கின்றது. அன்றிரவு பிறந்த சிறுமி இப்போது பாலர் பாடசாலைக்குச் செல்கின்றாள். யான் எண்ணெய் வடிக்கும்போது அருகில் அமர்ந்து, “தாத்தா, தண்ணி கீழே வந்திருச்சு!” என்று கூவுவாள்.

மாணவச் செல்வங்களே, வகுப்பிற் கற்பவற்றுள் எது என்று எவருயிரைக் காக்கும் என்பதை முன்னரே அறிய முடியாது. ஆதலின் எதனையும் பரீட்சையோடு விட்டுவிடாதீர்கள்.

வாழ்க நம் கல்லூரி!