மலையேறி வந்த கச்சேரி

விடிவதற்கு முன்பே போடியில் ஜீப்புகள் ஆளேற்றத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முந்தல் தாண்டிவிட்டால் மலைதான். போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். நான் ஏறிய வண்டியில் முதல் வளைவிலேயே இளையராஜா பாட ஆரம்பித்துவிட்டார். பண்ணைப்புரம் இங்கே பக்கம்தான், தேவாரம் ரோட்டில் போனால் வந்துவிடும். இந்தப் பக்கத்து ஆட்கள் அவரை ‘எங்க ஊர்க்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது ஒரு நிமிர்வு வரும்.

யார் யார் எந்தக் கச்சேரியை நேரில் கேட்டிருக்கிறார்கள் என்று பேச்சைக் கிளப்பிவிட்டேன். டிரைவர் மதுரையில் ராஜா கச்சேரி பார்த்தவர். கடைசி வரிசையில் நின்றதாகவும், முகமே தெரியவில்லை என்றும், ஆனாலும் அதுபோல ஒரு ராத்திரி வராது என்றும் சொன்னார். பின்னால் இருந்த பெண்மணிக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாதான் பெரிசு. சித்திரையில் எட்டு நாள் நடக்கும் அந்தத் திருவிழாவில், முல்லையாற்றங்கரையில் விடிய விடிய ஆர்கெஸ்ட்ரா கேட்டுவிட்டு, தூங்காமல் நேராக ஜீப் ஏறித் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். என் பங்குக்கு 2005-இல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த ‘அன்றும் இன்றும் என்றும்’ நிகழ்ச்சியைச் சொன்னேன். முதல் வயலின் வீச்சுக்கே அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. அந்தச் சிலிர்ப்பு இன்னும் எனக்குள் இருக்கிறது.

போடிமெட்டில் இறங்கி டீ குடித்த கடையில்தான் அந்த ஆத்தாவைப் பார்த்தேன். எண்பது தாண்டியிருக்கும். மடியில் முறம், முறத்தில் உலர்ந்த ஏலக்காய். ஒவ்வொரு காயாக எடுத்து, நுனியில் ஒட்டியிருக்கும் காம்பை நகத்தால் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். போடி குடோன்களில் பல வருஷம் காய் பொறுக்கிய கை. கண் எங்கள் மேல் இருந்தாலும் விரல் காயை விட்டு விலகவில்லை. டிரைவர் மதுரைக் கச்சேரியை மறுபடி ஆரம்பித்தபோது இடைமறித்தார்.

“தம்பி பாட்டக் கேட்டத இம்புட்டுப் பெருமையா சொல்றீக. நான் அண்ணன் பாட்டக் கேட்டவ.”

அண்ணன் என்று அவர் சொன்னது பாவலர் வரதராஜனை. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடிய கலைஞர். தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் மூவரும் மேடையேறிப் பழகியது அவருடைய குழுவில்தான். பதினான்கு வயதில் அதில் சேர்ந்த இளையராஜா, சென்னைக்குப் போகும்வரை ஏறக்குறைய பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். 1973-இல் பாவலர் இறந்தார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். தம்பியின் பாட்டு ஊரெல்லாம் ஒலித்ததைக் கேட்க அண்ணன் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தாங்காது.

ஆத்தா சொன்னது 1958 தேவிகுளம் இடைத்தேர்தலின்போது கேட்ட பாட்டை. அப்போது அவர் குடும்பம் மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தது. கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு ஆட்சி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தவை 60, ஐந்து சுயேச்சைகளின் ஆதரவில் அரசு நின்றது. அந்த நிலையில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்த தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, தேவிகுளத்தில் மறுபடி வாக்கெடுப்பு வந்தது. ஒவ்வொரு இடமும் உயிராக இருந்த நேரம். அங்கே கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து மலையேறியவர்கள். மலையாளப் பேச்சு அவர்களைத் தொடாது. கட்சி பாவலரை அழைத்தது. அந்தத் தேர்தலில் ரோசம்மா மீண்டும் வென்றார்.

“கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வந்து, உலையக்கூட வைக்காம ஓடினோம். கம்பளியத் தலையில போட்டுக்கிட்டு ஈரத் தரையில உக்காந்தோம். பனி இறங்குது. அவுக பாடுறாக. எல்லாம் போடி கொட்டாயில கேட்ட சினிமா மெட்டுத்தான். சொல்லு மட்டும் எங்க பொழப்பு. கூலி, கங்காணி, ஒழுகுற லயம்… எங்க அம்மா அழுதுச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைங்க சிரிச்சாக. ரெண்டும் ஒரே பாட்டுக்கு.”

ஜனங்கள் அறிந்த சினிமா மெட்டில் புதுச்சொல் கட்டுவது பாவலரின் வழி. மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் சொல் நேராக உள்ளே போய் உட்காரும். ஆர்மோனியத்துக்குக் கரண்ட் வேண்டாம், தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு எந்த லயத்துக்கும் ஏறலாம். பாட்டுக்காரனை மேட்டுக்கு வரவைத்த கச்சேரி அது. சனங்கள் டிக்கெட் வாங்கிக் கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை.

நேரு அரங்கத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வருஷக்கணக்காகக் கேசட்டில் கேட்ட பாட்டுகள் கண்முன்னே அப்படியே உயிர்பெற்ற சந்தோஷம் என்னுடையது. ஆத்தாவுக்கு நடந்தது வேறு. தன் வாழ்க்கை பாட்டாக மாற முடியும் என்பதையே அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார். பொருத்திப் பார்க்க அவரிடம் இசைத்தட்டு இருந்ததில்லை. மறுநாள் போட்டுக் கேட்கவும் வழியில்லை. அறுபது எழுபது வருஷமாக அந்த ராத்திரியைத் தன் ஞாபகத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். ரசிகர் என்றால் இவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியதை டிரைவர் செல்போனில் காட்டினார். ஆத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கோட்டுப் போட்ட அத்தனை வயலின்காரர்களும் ஒரே நேரத்தில் வில்லை இழுத்தார்கள். “நல்லா இருக்கட்டும் மவராசன்” என்றார். பிறகு, “அன்னிக்கு லாரி மேல நின்னு பாடினவுகளுக்கு இப்பிடி ஒரு மண்டபம் கெடைக்கலயே” என்றார்.

அன்றைய தோட்டத்துக் கச்சேரிகளைக் கேட்டவர்களில் இன்னும் இருப்பவர்கள் பெரும்பாலும் எண்பதைத் தொட்டவர்கள். அவர்கள் ஞாபகத்தை யாராவது உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும், அதுவும் உடனே. வேறு யார் கேட்டார்கள் என்று விசாரித்தேன். நாத்தனார் ஒருத்தி பூப்பாறையில் இருக்கிறாள், அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் என்றார். டிரைவரே நம்பர் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

“லாரியா? எவ சொன்னது? ஸ்டோர் வாசல்ல பெஞ்சு போட்டுப் பாடினாக. நீ தூங்கிட்ட, ஒனக்கென்ன தெரியும்?”

“நானா தூங்கினேன்? நீதான் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பாதியில போன!”

இருவரும் கத்திக்கொண்டார்கள். எந்தப் பாட்டை இரண்டாம் முறை பாடச் சொன்னார்கள் என்பதிலும் சண்டை. கடைசியில் பூப்பாறைக் குரல் டிரைவரைக் கூப்பிட்டது.

“ஏப்பா, அந்தக் கேக்க வந்தவரையும் இவளையும் வண்டியில ஏத்திக்கிட்டு இங்க வா. ரெண்டு பேரும் சேந்து சொன்னாத்தான் சரியா வரும்.”

ஆத்தா ஏலக்காயை அள்ளி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, செருப்பைத் தேட ஆரம்பித்தார்.