தராசு அறியாத விரல்கள்

பேராதனையில் புறப்பட்டுச் செங்கலடியில் முடிகிற ஏ5 வீதி, நுவரெலியாவைத் தொடும்போது 1868 மீற்றர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. கண்டியிலிருந்து இந்த வழியாக மட்டக்களப்புக்குத் திரும்புகிறவர்கள் அங்கே ஓர் இரவு தங்கிப் போவதுண்டு. நாங்களும் தங்கினோம். ஒரு பிற்பகலும் மறுநாள் காலையும் கையில் இருந்தன. அதற்குள் பார்க்கக்கூடியவற்றை யாரைக் கேட்டாலும் ஒரே வரிசையில்தான் சொல்வார்கள்: சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர், ஆளுநர் கிரகரி 1873இல் உண்டாக்கிய ஏரி, விக்டோரியா பூங்கா, வெலிமடைப் பக்கம் இறங்கினால் சீத்தா எலிய கோயில், ஹக்கலப் பூந்தோட்டம். தபாற்கந்தோர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம், அழகான கட்டடம். ஏரியை வண்டிக்குள் இருந்தபடியே கடந்தோம். மற்ற நேரமெல்லாம் தேயிலைக்குப் போனது.

ரம்பொடையிலிருந்து லபுக்கலை வரைக்கும் வீதியின் இருபுறமும் பார்த்துக்கொண்டு வந்த பச்சையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நகருக்கு வெளியே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில், அங்குள்ளவர்கள் வாயில் அது ‘ஸ்டோர்’, தெரிந்தவர் ஒருவர் மூலம் அனுமதி கிடைத்தது. பயணிகளுக்கான சுற்று அங்கே மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளிலிருந்து தொடங்குகிறது. நீளமான தொட்டி, கம்பி வலை, வலையின் மேல் பச்சைக் கொழுந்து, அடியில் பெரிய மின்விசிறி. பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் காற்றிலே கிடந்து ஈரம் இறங்கிய கொழுந்து, கையில் எடுத்து அமுக்கினால் துணிபோலத் துவள்கிறது. அதைக் கீழே தள்ளினால் ரோலர் உருட்டும். உருட்டும்போது இலை நசிந்து சாறு வெளியே வரும். சாற்றில் காற்றுப் பட்டதும் பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறும். பிறகு சூடான டிரையர், பிறகு சல்லடைகள். பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று கடையில் நாம் கேட்கிற பெயர்கள் எல்லாம் அந்தச் சல்லடைக் கண்ணின் அளவால் பிறந்தவை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகிறது.

இவ்வளவையும் எந்த வழிகாட்டியும் சொல்லுவார். எங்களோடு நடந்த டீமேக்கர் வேறு ஒன்றைச் சொன்னார். அறுபதை நெருங்குகிறவர், தகப்பனும் அதே ஸ்டோரில் ரோலர் ஓட்டியவராம். உருட்டிய இலை பரப்பிக் கிடந்த இடத்தில் குனிந்து, ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துக்கொண்டார். பச்சை வாடை போய்ப் பழத்தின் வாசனை வருகிற அந்த நேரத்தைத் தவறவிட்டால் அன்றைய கொழுந்து முழுதும் வீண். நுவரெலியாக் குளிரில் அந்த மாற்றம் மெதுவாக நடக்கும். இங்கே அதை நீள விடுவதில்லை, அதனால்தான் இந்த ஊர்த் தேயிலை சாயம் மெலிந்தும் வாசனை தூக்கியும் இருக்கிறது. கடிகாரம் பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

“கடிகாரமும் பாக்கத்தான் செய்றோம். ஆனா மூக்கு சொல்றதத்தான் கேப்போம்” என்றார். பிறகு, “நம்ம செய்றதெல்லாம் கெடுக்காமப் பாத்துக்கிறதுதாங்க. நல்லது வர்றது மலையில இருந்து. முத்துன கொழுந்த எந்த மிஷின்ல போட்டாலும் அது தேயிலையா வராது” என்று சேர்த்துக்கொண்டார்.

மட்டக்களப்பு என்று நாங்கள் சொன்னதும் அவர் முகத்தில் ஓர் அக்கறை வந்தது. எங்கள் ஊரின் கச்சான் காற்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆடி ஆவணியில் எங்கள் உதட்டைப் பிளக்க வைக்கிற காற்று அது. தென்மேல் பருவக்காற்று மழையை மலையின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாப் பக்கம் இறங்கி, எங்கள் கடற்கரை வரைக்கும் வருகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தோட்டங்களில் அந்தக் காற்றுப் பட்டால் செடியின் வளர்ச்சி ஒடுங்கி, வாசனை கொழுந்திலே திரளுமாம். தேயிலை வியாபாரிகள் வருடம் முழுவதும் காத்திருப்பது அந்த வாரங்களுக்காகத்தான். நுவரெலியாவுக்கு அதே சிறப்பு தை மாசிக் குளிர் வெயிலில். எங்கள் நெல்வயலை வாட்டுகிற காற்று பதுளையில் ஒரு சரக்கின் விலையை உயர்த்துகிறது என்பதை இத்தனை வயதுக்கு அன்றைக்குத்தான் அறிந்தேன்.

புறப்படும் முன் வாசலோரத்தில் இன்னொரு வேலையைப் பார்த்தேன். லொறியில் வந்து இறங்கிய கொழுந்திலிருந்து ஒரு பிடி எடுத்து மேசையில் கொட்டி, ஒரு பெண் விரைவாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு இலையும் அரும்பும் கொண்ட இளங்கொழுந்து ஒரு பக்கம். கொஞ்சம் முற்றியது ஒரு பக்கம். கரடானதும் கசங்கியதும் ஒரு பக்கம். எண்ணி முடித்ததும் பதிவேட்டில் சதவீதம் ஏறியது. அந்தப் பக்கத்தில் திகதி இருந்தது, கொழுந்து வந்த மலையின் எண் இருந்தது. எடுத்தவரின் பெயருக்கு அங்கே ஒரு கட்டமும் இல்லை. அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது நாங்களும் பின்னால் போனோம். மலை என்று அங்கே சொன்னால் எண்ணிட்ட ஒரு தேயிலைத் துண்டு. நாங்கள் போனது நாலாம் நம்பர் மலை. கங்காணி எங்களை நிரையின் ஓரத்தில் நின்ற ஒரு தாயிடம் விட்டுவிட்டுப் போனார். ஐம்பதைத் தாண்டியவர். இடுப்பில் படங்கைச் சுற்றி இறுக்கியிருந்தார். பனியில் நனைந்த செடிகளுக்குள் நாள் முழுக்க நுழைந்து நடப்பதால் அது இல்லாவிட்டால் சேலையும் தொடையும் கிழிந்துவிடும். தலையிலிருந்து முதுகுக்குக் கயிற்றில் தொங்கியது முன்பு கூடை, இப்போது பை. காலில் அட்டைக்குச் சவர்க்காரம் பூசியிருந்தார்.

அவருடைய கைகளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் தனித்தனியே வேலை செய்கின்றன. கண் கைக்கு முன்னால் அடுத்த செடியில் இருக்கிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் தண்டை மெல்லப் பிடித்து ஒரு சாய்ப்புச் சாய்க்கின்றன, சின்ன முறிவுச் சத்தம், கொழுந்து உள்ளங்கைக்குப் போய்விடுகிறது. நகம் படக் கூடாது, பட்ட இடம் கறுத்துப்போகும். உள்ளங்கையில் அதிகம் சேர்த்துக்கொண்டாலும் பிழை, நசிந்து சூடேறிவிடும். ஸ்டோரில் ரோலர் செய்ய வேண்டியதைக் கை முந்திச் செய்துவிடக் கூடாது. பையை அமுக்கித் திணித்தாலும் அதே கேடுதான். டீமேக்கர் மூக்கால் காக்கிற அந்த நேரம் உண்மையில் கொழுந்து செடியை விட்டு ஒடிகிற நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. சுற்றுலாக் காட்டுகிறவர்கள் வாட்டும் தொட்டியிலிருந்து கதையைத் தொடங்குவது, ஒரு நாடகத்தின் முதல் அங்கத்தை விட்டுவிட்டு இரண்டாம் அங்கத்துக்குத் திரை தூக்குவதுபோல.

எதை எடுப்பது என்பது பாதி வேலைதான். எதை விடுவது என்பது மீதி. அடுத்த சுற்றுக்கு வர ஒரு கிழமையாகும், அதற்குள் எது வளரும், எது முற்றும் என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும். அரும்பு விடாமல் உறங்கிப்போன தண்டு ஒன்றைக் காட்டினார்.

“இது வங்கி, தம்பி. இத வுட்டுட்டுப் போனா செடி இப்பிடியே தூங்கிக்கிட்டே கெடக்கும். ஒடிச்சுக் கீழ போட்டுறணும். அப்பத்தான் பக்கத்துல துளிர்க்கும்.”

“ஒடிச்சுப் போட்டதுக்குக் கிலோ வராதே அம்மா?”

“வராது. ஆனா ஒடிக்காட்டி அடுத்த மாசம் கொழுந்தும் வராது.”

நான் எழுதிக்கொண்டேன். கூலி தராத அந்த ஒடிப்பு ஒவ்வொரு செடியிலும் சில தடவை நடக்கிறது. செடியின் மேற்பரப்பை மேசைபோல மட்டமாக வைத்திருப்பதும் இதே கைகள்தான். எட்டிப் பிடிக்கச் சோம்பி ஓரத்தை விட்டால் அங்கே கிளை உயர்ந்துவிடும், பிறகு சுற்றுக்குச் சுற்று மட்டம் கெடும். கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் சில வருடத்துக்கு ஒருமுறை செடியைத் தறித்துத் திரும்ப வளரவிடுகிறார்கள். ஆனால் அந்த இடைப்பட்ட வருடங்கள் முழுக்கச் செடிக்கு உருவம் கொடுப்பது கொழுந்தெடுக்கிற பெண்தான். தேயிலை வெட்டாமல் விட்டால் மரமாகிற இனம். நாம் நின்று படம் பிடிக்கிற அந்த ஒப்புரவான பச்சைச் சரிவு பெண்களின் விரலால் கிழமைக்குக் கிழமை செதுக்கப்பட்டது.

இவர் தன் தாயிடம் கற்றார். தாய் தன் தாயிடம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டதைப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தக் கைத்திறனைத் தலைமுறையாகக் காத்தவர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. இந்தத் தாயின் சின்னம்மா அப்படிக் கூடலூருக்குப் போனவர். அப்படித் திரும்பிப் போனவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியபோது, அங்கே கொழுந்தெடுக்க யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் கணக்கிடப்படாத ஒரு சொத்து அவர்களை ஏற்றிப்போன கப்பலில் போனது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கினோம். பை தராசில் தொங்கியது. கணக்கப்பிள்ளை எண்ணைச் சொன்னார், பிறகு சாக்குக்கும் ஈரத்துக்குமாகச் சில கிலோவைக் கழித்து எழுதினார். மழை நாளில் கழிவு இன்னும் கூடும் என்றார்கள் நிரையில் நின்ற பெண்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற ஒரு கிலோ இலக்கு உண்டு. அதை எட்டினால் முழுப் பேர், எட்டாவிட்டால் அரைப் பேர். பேர் என்பது ஒரு நாட்கூலி. அந்தக் கூலி 2021இல் ஆயிரம் ரூபாயாவதற்கு எத்தனை ஆர்ப்பாட்டங்கள் நடந்தன என்பது நாட்டுக்கே தெரியும். 2024இல் அடிப்படை 1350 ரூபாயானது. அந்த இழுபறி முழுவதும் எண்ணிக்கையையும் எடையையும் பற்றியது. பக்குவமாக எடுத்த பதினைந்து கிலோவும் முற்றலும் காம்பும் கலந்த பதினைந்து கிலோவும் தராசில் ஒன்றுதான். வங்கியை ஒடித்துப் போட்டவர் நட்டப்படுகிறார், கீழே போடாமல் பையில் போட்டவர் லாபம் பார்க்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பெரும்பாலானோர் ஒழுங்காக ஒடித்துப் போடுகிறார்கள் என்பதை நான் நல்ல கைவினைஞர்களின் மானம் என்று சொல்லுவேன், வேறு பெயர் அதற்குப் பொருந்தாது. கொழும்பு ஏலத்தில் தேயிலையைச் சுவைத்து விலை சொல்கிறவரின் நாக்கை உலகம் மதிக்கிறது. அந்த நாக்கு தேடுகிற சுவையை முதலில் தெரிந்தெடுத்த விரல், ‘சாதாரண கூலி’ என்ற வகைக்குள் கிடக்கிறது.

நிரையில் இளம் முகங்கள் குறைவு. இந்தத் தாயின் இரண்டு பெண்களும் கொழும்பில் கடைவேலை. மலையிலே பிள்ளையைக் கூட வைத்துப் பழக்குகிற காலம் போய்விட்டது, போனதும் நல்லதுதான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவர்கள். ஆனால் அந்தப் பழக்கத்தின் இடத்துக்கு வேறு எந்தப் பயிற்சியும் வந்து சேரவில்லை. ஆள் குறைந்த மலைகளில் இப்போது கத்தரி வந்துவிட்டது. கத்தரிக்கு வங்கியும் தெரியாது அரும்பும் தெரியாது, எதிரே நிற்பதை வெட்டும். கத்தரிக் கொழுந்து வருகிற நாட்களில் தன் மேசைச் சதவீதம் இறங்குவதை டீமேக்கரே முந்தின நாள் சொல்லியிருந்தார்.

அந்த மேசையைப் பற்றி இந்தத் தாயிடம் சொன்னேன். ஸ்டோரில் கொழுந்தைப் பிரித்து எண்ணி, எத்தனை சதவீதம் நல்லது என்று தினமும் எழுதுகிறார்கள், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பையை உதறிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எழுதுறாங்கன்னு தெரியும். கொழுந்து சரியில்லாட்டி அடுத்த நாளு கங்காணிய ஏசுவாங்க, கங்காணி எங்கள ஏசுவாரு. நல்லா இருந்த நாளு ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல.”

உங்கள் பெயரையும் சேர்த்து எழுதினால் எப்படி என்றேன்.

“ஸ்டோருக்குப் போனா எல்லார் கொழுந்தும் ஒண்ணாக் கலந்துருது, தம்பி. அங்க எண்ணி என்னா பண்றது? இங்க, இந்த மடுவத்துல, தராசுல போடுறதுக்கு முந்தி ஒவ்வொரு பையிலயும் ஒரு புடி எடுத்து எண்ணட்டும். அதுக்கு எம்புட்டு நேரமாவும்? எங் கொழுந்து நல்ல கொழுந்துன்னு எழுதிக் குடுக்கட்டும். அதுக்கு மேல ஒரு ரூவா வச்சுக் குடுத்தா அது அவங்க இஷ்டம். மொதல்ல எழுதட்டும்.”

கணக்கப்பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். செய்யலாம், மேலிடம் சொன்னால் செய்யலாம், ஒரு பைக்கு இரண்டு நிமிடம் போகும் என்று விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். அதற்குள் அடுத்த பை தராசில் ஏறியது.