கீரிக் கரையின் கைப்பிடிகள்

மன்னார் நகரிலிருந்து கீரிக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். போட்டுகள் கரையேறி மீன் விலைப்பட்ட பிறகு, வாடி நிழலில் வலை பொத்தும் வேலை தொடங்கும். வலைக்கும் எஞ்சினுக்கும் நடக்கும் பராமரிப்பைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நான் பார்க்கப் போனது அதிகம் பேசப்படாத ஒன்றை: கத்தி, துடுப்பு, பெரிய மீனைக் கொளுவித் தூக்கும் கொக்கி ஆகியவற்றின் பிடிக்கு நூல் சுற்றும் வேலையை.

சுற்றிக்கொண்டிருந்த பெரியவர் முதலில் பழைய நூலை அறுத்தெறிந்தார். பிடியில் ஊறியிருந்த மீன் எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தார். பழைய சைக்கிள் ரியூபை நாடாவாகக் கிழித்து, இழுத்து இழுத்து ஒரு படை சுற்றினார். அதன்மேல் வலை பொத்தி மிஞ்சிய நைலோன் நூல். அந்த நூலைச் சுற்றுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்.

"ஏன் ஐயா நனைக்கிறீங்கள்?"

"நைலோன் நனைஞ்சா இளகும் தம்பி. காய்ஞ்சபடி சுத்தினா கடலில தளந்துபோகும். ஈரத்தில சுத்தினாத்தான் காயேக்க இறுகும்."

நூலின் ஒரு முனையை மடித்துக் கண்ணியாக்கிப் பிடியின் நீளத்துக்குப் படுக்கவைத்தார். அதன்மேல் இடைவெளியில்லாமல் சுற்று மேல் சுற்றாக வந்து, எஞ்சிய முனையைக் கண்ணிக்குள் நுழைத்தார். தொடக்கத்தில் வெளியே விட்டிருந்த நுனியைப் பற்றி இழுத்ததும், கண்ணி அந்த முனையையும் கூட்டிக்கொண்டு சுற்றுக்கு அடியில் போய் மறைந்தது. முடிச்சே இல்லை. முடிச்சிருந்தால் உள்ளங்கையை உரசிக் கொப்புளமாக்கும். கடைசியாக, சின்னவிரல் படும் அடிப்பக்கத்தில் மட்டும் இன்னொரு படை சுற்றி மேடாக்கினார். கை வழுக்கினாலும் அங்கே தடைப்பட்டு நிற்கும்.

மீன் கோழை படிந்த வெறும் பிடியை நழுவவிடாமல் வைத்திருக்க அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் முன்கை சீக்கிரம் சோரும். சோர்ந்த கையில்தான் கத்தி திரும்பும். நூலின் வரம்புகளுக்கு இடையில் கோழையும் தண்ணீரும் ஒதுங்க, மேட்டில் தோல் பற்றுகிறது. அதனால் மெல்லப் பிடித்தாலே போதும்.

லடாக்கிலும் ஸ்பிட்டியிலும் உறைந்த அருவிகளில் ஏறுகிறவர்கள் தங்கள் பனிக்கோடரிகளுக்குச் செய்வதும் இதைத்தான். தொழிற்சாலையிலேயே பிடி வார்த்து வந்தாலும், அதன்மேல் ரப்பர் நாடாவைத் தம் கையளவுக்குச் சுற்றிக்கொள்கிறார்கள். உலோகத்தின் குளிர் விரலுக்கு ஏறாமலிருப்பது அவர்களுக்குக் கூடுதல் பயன். மற்றபடி அங்கும் பயம் ஒன்றுதான்: கை சோர்ந்து பிடி நழுவுவது.

கருவியைக் கடையில் வாங்கலாம். அதை ஒருவரின் கைக்குப் பொருத்துவது இந்தச் சுற்றுத்தான். பெரியவர் துடுப்பைச் சுற்றும்போது அதை வலிக்கும் பொடியனைக் கூப்பிட்டு, நடுவில் இரண்டு முறை பிடித்துப் பார்க்கச் சொன்னார். அந்தக் கைக்கு ஏற்றபடிதான் பருமனை முடிவுசெய்தார்.

இதற்குத் தனிக்கூலி கிடையாது; யாரும் இதைத் தொழிலாகக் கணக்கிடுவதும் இல்லை. ஆனால் கடற்றொழிலில் வருமானம் பங்குக் கணக்கு. கையில் வெட்டு விழுந்தவர் உப்புத்தண்ணீரில் இறங்க முடியாது. இறங்காத நாளுக்குப் பங்கும் இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் பொடியனுக்கு வலை பொத்தப் பழக்கும் முன் பிடி சுற்றப் பழக்க வேண்டும் என்கிறார் பெரியவர். கடற்றொழில் பயிற்சி எங்கே நடந்தாலும் முதல் பாடமாக இதையே வைக்கலாம்.