மருவும் மருதாணியும்

என் மகளின் வலக்கைச் சுட்டுவிரலில், நகத்திற்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக ஒரு தழும்பு உண்டு. அடுப்பில் சுட்டுக்கொண்டிருப்பாள் என்று பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்வார்கள். சுட்டது உண்மை, சுட்டவள் நான். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கதையை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அண்மையில் என் பேத்தியின் விரலிலும் அதே போன்ற மரு ஒன்று முளைத்திருப்பதைக் கண்டேன். இனியும் மறைத்துவைப்பதால் யாருக்கும் பயனில்லை என்று எழுத அமர்ந்துவிட்டேன்.

அது 2005ஆம் ஆண்டு. என் தங்கைக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். என் கணவர் அப்போது தமாமில் இருந்தார். மகளுக்குப் பத்து வயது. ஓதும்போது வரியைத் தொட்டுக் காட்டுகின்ற அந்த விரலில் உளுத்தம்பருப்பு அளவில் ஒரு மரு. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். நடுவே எள்முனை போல் இரண்டு மூன்று கரும்புள்ளிகள். வலி இல்லை. நகம் கடிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. சில மாதங்களில் பக்கத்து விரலின் நகத்தோரத்திலும் சிறியதாக ஒன்று தலைகாட்டியது. மதரஸாவில் பிள்ளைகள் அவளை விட்டுச் சற்றுத் தள்ளி அமரத் தொடங்கியிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. என்னிடம் ஒன்றும் கூறாமல், முந்தானை நுனியால் விரலைச் சுற்றிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

நிச்சயத்தன்று மருதாணி இட ஒரு பெண்மணியை அழைத்திருந்தோம். ஒவ்வொரு பிள்ளையாகக் கையை நீட்ட, என் மகளின் முறை வந்தது. விரலைக் கண்டதும் அவர் கையை விட்டுவிட்டார். "இது ஒட்டிக்கொள்ளும் சாமான். சரியான பிறகு வா புள்ள" என்றார். கூடம் நிறையப் பெண்கள். என் மகள் அழவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கோ முகம் எரிந்தது. திருமணத்திற்கு இன்னும் பதினைந்து நாட்கள். அதற்குள் இதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று மனத்தில் ஒரு வெறி பிறந்தது.

வைத்தியம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டச் சொன்னார் ஒருவர். எருக்கம்பால் வைக்கச் சொன்னார் இன்னொருவர். அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவச் சொன்னார்கள். ஊதுபத்தி நெருப்பால் சுட்டால் வேரோடு போகும் என்று என் உம்மாவே சொன்னார்கள். இறுதியில் பக்கத்து வீட்டு ராத்தா கூறிய முறையை நான் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவின்மேல் வைத்துக் கட்டுவது. "எங்க வீட்டில் மூன்று பேருக்கு விழுந்திருக்கிறது" என்று அவர் உறுதி கூறினார்.

இரவு வைத்துக் கட்டினேன். "எரியுதும்மா" என்றாள். பொறுத்துக்கொள் என்றேன். மறுபடியும் எரிகிறது என்றாள், அதட்டினேன். சுண்ணாம்பும் சோடாவும் சேர்ந்தால் பிறப்பது கடுங்காரம். அது மருவையும் தோலையும் வேறுபடுத்திப் பார்க்காது. விடிந்து அவிழ்த்தபோது மரு இருந்த இடத்தில் ஒரு குழி. இரண்டாம் நாள் விரல் வீங்கிற்று. நான்காம் நாள் சீழ் பிடித்துக் காய்ச்சலும் வந்தது. தங்கையின் நிக்காஹ் அன்று மற்றப் பிள்ளைகள் சிவந்த கைகளோடு ஓடியாட, என் மகள் விரலில் கட்டோடு ஒரு மூலையில் அமர்ந்திருந்தாள்.

புண் ஆறியது. இரண்டு மாதங்கள் கழிந்தன. தழும்பைச் சுற்றி மாலை கோத்தாற்போல் சிறுசிறு மருக்கள் வரிசையாக முளைத்தன.

அதன் பிறகே மதுரைக்கு அழைத்துச் சென்று ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினேன். அந்த அம்மையார் விரலை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. "வீட்டுக்கு வந்தது அழையாத விருந்தாளி. கொஞ்சநாள் இருந்துவிட்டுத் தானே போயிருப்பான். நீங்கள் அவனை விரட்ட வீட்டுக்கே தீ வைத்துவிட்டீர்கள்."

மரு என்பது யாது?

மரு ஒரு வைரஸ் கிருமியால் வருவது. மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்று அதற்குப் பெயர். இத்தாலிய மருத்துவர் சியூஃபோ என்பவர், நுண்ணிய வடிகட்டியில் வடித்தெடுத்த மருச்சாற்றினாலும் மரு தொற்றும் என்று 1907ஆம் ஆண்டிலேயே காட்டினார். இன்று இந்த வைரஸ் குடும்பத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. கைகால்களில் வருபவற்றுக்குப் பெரும்பாலும் 1, 2, 4 முதலிய எண்ணிட்ட வகைகளே காரணம்.

தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலோ, நீரில் ஊறி மெலிந்த இடமோ இருந்தால் போதும்; கிருமி அதன் வழியே நுழைந்துவிடும். நகம் கடிப்பவர்களுக்கு நகத்தோரத்தில் மரு வருவது இதனால்தான். நுழைந்த கிருமி உடனே வெளிப்படுவதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதங்கள் கழித்தே மரு கண்ணில் படும். ஆகவே, "யாரிடமிருந்து ஒட்டியது?" என்று தேடி ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துவது வீண்வேலை.

மருவுக்கு வேர் என்று ஒன்று இல்லை. நாம் வேர் என்று நம்பும் அந்தக் கரும்புள்ளிகள், மருவிற்குள் வளர்ந்த மெல்லிய இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைந்து நிற்கும் இடங்கள். கிருமி குடியிருப்பது மேல்தோலில் மட்டுமே. இரத்தத்தில் அது கலப்பதில்லை. உடலின் காவல்படை அதைக் கண்டுகொள்ளத் தாமதமாவதும் அதனாலேயே. கண்டுகொண்டுவிட்டால் பல மருக்கள் ஒருசேர உதிர்வதும் உண்டு. பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஓராண்டிற்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டாண்டுகளுக்குள்ளும் எந்த மருந்தும் இன்றியே மறைந்துவிடும்.

இதை அறிந்தபோது எனக்கு ஒரு புதிர் விடுபட்டது. முடி கட்டியவருக்கும் விழுகிறது; பால் தடவியவருக்கும் விழுகிறது. தானே விழும் பொருளுக்குக் கடைசியாகச் செய்த வைத்தியம் எதுவோ, பெயர் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ராத்தா பொய் சொல்லவில்லை. அவர் வீட்டு மூவருக்கும் காலம் கனிந்திருந்தது, அவ்வளவே.

ஒரே பெயரில் பல

நம் வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. தோலில் எது தடித்து எழுந்தாலும் மரு, பாலுண்ணி என்கிறோம். கழுத்திலும் அக்குளிலும் மென்மையாகத் தொங்கும் சிறு சதைத் துணுக்குகளைக் கிருமி உண்டாக்குவதில்லை, அவை ஒட்டா. உடல் பருத்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அவை மிகுதி. குழந்தைகளின் உடலில் முத்துப்போல் மினுங்கி, நடுவே சிறு குழியுடன் தோன்றுபவை வேறொரு வைரஸால் வருபவை. வயதானவர்களின் முகத்திலும் முதுகிலும் மெழுகை ஒட்டினாற்போல் தோன்றும் பழுப்புத் தடிப்புகள் முதுமையின் அடையாளம். ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றொன்றுக்கு இடுவதால் வரும் கேடுகள் பல.

உள்ளங்காலில் வரும் மருவைக் கால்ஆணி என்று எண்ணுவோர் அநேகர். என் காக்காவும் அப்படித்தான் எண்ணி, மூன்றாண்டுகள் பிளேடால் தானே சீவிக்கொண்டிருந்தார். கால்ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இருபுறமும் கிள்ளிப் பிடித்தால் வலி அதிகம். மேல்தோலை மெல்லத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் மருவில் கரும்புள்ளிகள் தெரியும். தோலின் ரேகைகள் அதன் மேல் ஓடாமல் விலகிச் செல்லும். சீவச் சீவ அது பரவும். காக்காவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. அந்தப் பிளேடு அவருடைய காலையே வாங்கியிருக்கக் கூடும். அல்லாஹ் காப்பாற்றினான்.

மருத்துவம்

இந்த வைரஸைக் கொல்லவென்று தனி மருந்து இன்னும் இல்லை. மருவை அகற்றுவதும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புவதுமே வழிகள். முதலில் கொடுப்பது பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் கலந்த பூச்சு மருந்து. இரவில் விரலை ஐந்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, ஊறிய தோலை மெல்லத் தேய்த்தெடுத்து, சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாஸலின் தடவிவிட்டு, மருவின்மேல் மட்டும் ஒரு சொட்டு இட வேண்டும். தேய்த்த அட்டையை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது. இதை நாள் தவறாமல் பன்னிரண்டு வாரம் வரையிலும் செய்ய வேண்டிவரும். பத்து நாளில் கைவிட்டுவிட்டு மருந்தைப் பழிப்பவர்களே நம்மில் அதிகம். முகத்திற்கும் மறைவிடங்களுக்கும் இது ஆகாது. சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் காலில் இடவே கூடாது.

அடுத்தது, கழிப்பாகை 196 பாகைக் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் உறையவைப்பது. சுருக்கென்று வலிக்கும், கொப்புளம் எழுந்து உதிரும். இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை, சிலமுறை செய்ய நேரும். மரத்துப்போக ஊசியிட்டு மின்சூட்டினால் எரித்தெடுப்பதும் உண்டு. பிடிவாதமான மருக்களுக்கு, மருவுக்குள்ளேயே சில தடுப்பூசி மருந்துகளைச் செலுத்தி உடலின் காவல்படையை விழிக்கச்செய்யும் முறையும் இப்போது கையாளப்படுகிறது. ஒன்றில் ஊசியிட, தொலைவிலுள்ள மற்றவையும் மறைவது இதன் சிறப்பு. எந்த முறையிலும் மரு மீண்டும் வரக்கூடும். என் மகளுக்குப் பூச்சு மருந்தே போதுமாயிற்று. நான்கு மாதங்களில் மருக்கள் யாவும் மறைந்தன. தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

முகத்தில் வந்தால், இரத்தம் கசிந்தால், விரைவாக வளர்ந்தால், நடுவயதைக் கடந்தபின் புதிதாகத் தோன்றினால், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவராக இருந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மறைவிடங்களில் வருபவற்றை வெட்கத்தால் ஒளிக்காதீர்கள். கைமரு புற்றாகிவிடுமோ என்ற அச்சம் பொதுவாக வேண்டியதில்லை. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான 16, 18 போன்ற எண்களுடையவை இதே குடும்பத்தின் வேறு கிளைகள். அந்தத் தொடர்பைக் கண்டறிந்தவர் ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன். 2008ஆம் ஆண்டில் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அவ்வகைகளுக்கு எதிரான தடுப்பூசியை 9 முதல் 14 வயதிற்குள் பெண்பிள்ளைகளுக்கு இடுவது நல்லது என்பதையும் தாய்மார்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

பரவாமல் காக்க

துவாலை, சவரக்கத்தி, நகவெட்டி ஆகியவற்றை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். சவரம் செய்யும் வழியில் மரு இருந்தால் கத்தி அதை முகமெங்கும் விதைத்துவிடும். பள்ளிவாசல் கழிவறை வாசலில் பொதுவாகக் கிடக்கும் செருப்பை அணிவதைவிடத் தன் செருப்பை அணிந்து செல்வது மேல். ஒளுச் செய்தபின் விரலிடுக்கிலும் பாதத்திலும் ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் மருவை ஒரு பிளாஸ்திரியால் மூடுங்கள். கிள்ளவும் கடிக்கவும் விடாதீர்கள்.

அதற்கு மேல் விலக்கிவைக்காதீர்கள். கைகொடுத்த உடனே தொற்றிக்கொள்ளும் பெருநோய் இதில்லை. ஸலாம் சொல்லி நீளும் ஒரு பிஞ்சுக் கையைத் தட்டிவிடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

சென்ற பெருநாளைக்கு முதல் நாள் இரவு, என் மகள் தன் பிள்ளைக்கு மருதாணி இட்டாள். மருவைப் பார்த்துப் பேத்தி கையை இழுத்துக்கொண்டாள். "இது எப்போ போகும் உம்மா?" என்று கேட்டாள். "போகிறபோது போகும். நீ கையைக் கொடு" என்று கூறி, மருவின்மேல் படாமல் அதைச் சுற்றி ஒரு சிறு பூவை வரைந்தாள் என் மகள். கூம்பைப் பிடித்திருந்த அவளுடைய விரலில் என் தழும்பு தெரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அதை விடுங்கம்மா. இந்தக் கைக்கு நீங்க இட்டுவிடுங்க" என்று தன் வலக்கையை என்னிடம் நீட்டினாள்.