மதுரைச் சம்பந்தம்

திருநகர் மூணாவது ஸ்டாப்பில் ஒரு கல்லூரி வாத்தியார் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனோம். 2002ஆம் வருசம். நான் எங்க சேரியிலிருந்து போறவன். எங்கூட பட்டி பார்த்தவன் உச்சப்பட்டி அகதி முகாம் பையன். இப்ப அதுக்கு மறுவாழ்வு முகாம்னு பேரு; 2021ல் மாத்தினாங்க. அப்ப அகதி முகாம்தான்.

சுவரோரம் இருந்த புத்தகங்களை எடுத்து வெளியில் அடுக்கும்போது ஒரு தடி இங்கிலீஷ் புத்தகம் கீழே விழுந்து விரிந்தது. உள்ளே போட்டோக்கள். கோவணம், தோளில் கோடாலி, நேராப் பார்க்கிற கண். பையன் குனிஞ்சு பார்த்தவன், "பெத்தா மாதிரி கிடக்கு" என்றான். அடுத்த நிமிசமே வாயை மூடிக்கிட்டான்.

வாத்தியார்தான் விளக்கினார். செலிக்மன் என்கிற வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் 1907, 1908ல் இலங்கைக் காடுகளில் அலைஞ்சு, 1911ல் வேடர்களைப் பற்றிப் போட்ட புத்தகம். உள்நாட்டு வேடர் சிங்களத்துக்கு நெருக்கமான பேச்சுப் பேசுறாங்க. கிழக்குக் கடற்கரை வேடர் தமிழ் பேசுறாங்க. கடலோரத்து ஆட்களைச் செலிக்மன் கலப்பு ஆட்கள் என்று ஒருபடி கீழேதான் வச்சிருக்கார். சுத்தமான வேடரைத் தேடி வந்தவருக்கு இவங்க போதலை. சுத்தம் பார்க்கிற பழக்கம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போல.

அந்த ஞாயித்துக்கிழமையே முகாமுக்குப் போனேன். பெத்தான்னா அந்தப் பக்கத்தில் பாட்டி. பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை. கதிரவெளிப் பக்கத்திலிருந்து 1990 சண்டையில் ஓடி, மன்னார் வந்து, படகேறி ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் உச்சப்பட்டி. முதல்ல பேசலை. "நாங்க தமிழாக்கள்தான் மனே" என்று மூணு தடவை சொல்லிச்சு. நான் எங்க ஆத்தா கதையைச் சொன்னேன். திருநகரில் எட்டு வீட்டுக்குப் பாத்திரம் கழுவின கை, ஒரு வீட்டிலும் அடுப்படிக்குள் நுழையாதது, கொல்லைப்புறம் கவுத்தி வச்சிருக்கிற தனி டம்ளர். பெத்தா ரொம்ப நேரம் என்னையே பார்த்துச்சு. பிறகுதான் வாய் திறந்தது.

வாகரை, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி, வெருகல், மூதூர் கிழக்கு. இந்தக் கரையெல்லாம் அவங்க இருக்கிற இடம். களப்பில் மீன், காட்டில் தேன், மழைக்குக் கொஞ்சம் சேனைப் பயிர். கோயிலுக்கு ஐயர் கிடையாது. இலைப்பந்தல் போட்டுச் சடங்கு வைப்பாங்க. செத்துப்போன முன்னோர் ஆடுறவன் மேல் வருவாங்க. அப்ப பாடுற பாட்டில் தமிழும் இருக்கும், வேற பேச்சும் இருக்கும். "அர்த்தம் தெரியாது மனே, ஆனா பிழைக்கப்படாது" என்றது பெத்தா. கப்பலேறி வந்த தெய்வங்களையும் கூப்பிடுவாங்களாம். வந்தவன் தெய்வத்துக்கும் பந்தலில் இடம் கொடுத்த சனம்!

வந்தவங்க கொடுத்த இடம் என்ன? 1911 குடிக்கணக்கில் வேடர் ஐயாயிரத்துக்கு மேல். 1953ல் ஆயிரத்துக்கும் கீழே. அத்தனை பேருமா செத்தாங்க? பக்கத்து ஆட்களோட சேர்த்துத் தமிழர், சிங்களவர் என்று எழுதிட்டாங்க. 2012 கணக்கில் பறங்கியருக்கு இடம் உண்டு, மலாயருக்கு உண்டு, செட்டிக்கு உண்டு. வேடருக்குத் தனி வரிசையே இல்லை. உள்நாட்டில் தம்பானைப் பக்கத்து வேடர் காட்டை 1983ல் மதுறு ஓயா தேசியப் பூங்காவாக்கி, வேட்டைக்குப் போனவனைத் திருடனாக்கினாங்க. அவங்களையாவது உல்லாசப் பயணிகள் போய்ப் பார்க்கிறாங்க. கடலோர வேடர் கண்ணுக்கே தெரியலை.

இதில் எங்க மதுரைக்கும் பங்கு இருக்கு. மகாவம்சம் சொல்ற கதை இது. நடந்ததா என்கிறது வேற வழக்கு. விசயன் கப்பலில் வந்து இறங்கினப்ப அவனைச் சேர்த்துக்கிட்டு ராச்சியம் பிடிச்சுக் கொடுத்தவள் குவேனி. அவன்கிட்ட ரெண்டு பிள்ளை பெத்தாள். முடிசூட்டணும்னா சத்திரியப் பொண்ணு வேணும்னு மதுரைக்கு ஆள் அனுப்பினாங்க. பாண்டியன் தன் மகளை அனுப்பினான். கூடவே பதினெட்டு வகைத் தொழில் செய்ற ஆயிரம் குடும்பங்களையும் அனுப்பினான். இந்தப் பொண்ணு வருதுன்னு குவேனியை வெளியே போகச் சொல்லிட்டான் விசயன். தன் சனத்துக்கிட்டப் போனவளை, உளவு பார்க்க வந்தவள்னு நினைச்சு அவங்களே அடிச்சுக் கொன்னாங்க. பிள்ளைங்க ரெண்டும் மலைக்கு ஓடிச்சு. அவங்க வழிதான் காட்டுச் சனம் என்கிறது மகாவம்சம். அந்தச் சனம்தான் வேடர் என்று சொல்றாங்க.

மதுரைக்கும் ஈழத்துக்கும் தொப்புள்கொடி உறவுன்னு மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாண்டியன் மகளை விடக் குவேனிதான் ஞாபகம் வர்றா. திருநகரிலிருந்து எட்டிப் பார்த்தால் திருப்பரங்குன்றம் மலை. அங்கே இந்திரன் மகள் தெய்வானைக்கு வருசா வருசம் முருகனோட கல்யாணம். கதிர்காமத்தில் கேட்டால் வள்ளி வேடர் வீட்டுப் பொண்ணு, முருகன் வேடருக்கு மாப்பிள்ளை. சாமி ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டார். ராசா வச்சுக்கலை.

இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டவன் சும்மா இருந்திருக்கணும். நான் இருக்கலை. முகாம் டீக்கடையில் நாலு பேர் மத்தியில், "இந்தப் பெத்தா யாரு தெரியுமா? இலங்கையோட ஆதிக்குடி. உங்களுக்கெல்லாம் முந்தின சனம்" என்று நெஞ்சை நிமித்திச் சொன்னேன். அது பெருமைன்னுதான் நினைச்சேன். 2003 ஆரம்பம் அது. பையனுக்கு முகாமிலேயே ஒரு இடத்தில் பேசி, தாலிக்குப் பணம் சேர்த்துக்கிட்டிருந்தாங்க. பத்து நாளில் பொண்ணு வீட்டார் வேண்டாம்னுட்டாங்க. ஒரே தகரக் கூரை, ஒரே அகதி அட்டை, ஒரே வரிசையில் அரிசி. ஆனாலும் "வேடக் குடியில் எப்படிக் குடுக்கிறது?"

பெத்தா என்னைத் திட்டலை. "உன்ர பேரைச் சொன்னா உனக்குச் சட்டம் கிடக்கு மனே. எங்களுக்கு என்ன கிடக்கு?" என்று மட்டும் கேட்டுச்சு. என் பேரைச் சொல்லி என்னை அடிச்சாங்க, அதே பேர் போட்ட சாதிச் சான்றிதழ்தான் என் தங்கச்சியை நர்சிங் படிக்க வச்சது. பட்டியலில் இருக்கிற பேர் அது. பெத்தாவோட பேருக்கு அப்படி ஒரு சான்றிதழ் இல்லை. வசவா மட்டும்தான் அது புழக்கத்தில் இருந்தது. அதை எடுத்து நான் டீக்கடையில் வீசியிருந்தேன்.

சுனாமி 2004ல் அந்தக் கரையை அடிச்சது. 2006 நவம்பர் 8ந் தேதி கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் அடைக்கலம் இருந்த சனத்து மேல் ராணுவம் செல் அடிச்சது. நாற்பதுக்கு மேல் செத்தாங்க. அன்னிக்கு ராத்திரி பி.பி.சி. தமிழோசையைப் பெத்தா ரேடியோவில் காது வச்சுக் கேட்டதாம். ஊர்ப் பேர் வந்துச்சு, ஆள் பேர் வரலை. அடுத்த வருசம் பெத்தா உச்சப்பட்டியிலேயே செத்துப்போச்சு. நான் போனேன். பாடை தூக்க ஆள் குறைச்சல். பையன் என் பக்கம் திரும்பி, "அண்ணே, ஒரு கை" என்றான்.

சண்டை முடிஞ்சு சில வருசத்தில் அவன் ஊர் திரும்பினான். அங்கேயே கல்யாணம். போன மாசம் போனில் பேசும்போது மகளுக்குப் பள்ளிக்கூடப் பாரம் நிரப்பினதைச் சொன்னான். இனம் என்கிற கட்டம் இருந்துச்சாம்.

"என்னடா போட்ட?"

"இலங்கைத் தமிழர் எண்டுதான் அண்ணே. வேற என்னத்தப் போட?"

கொஞ்சம் நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவனே சொன்னான், ஆடி மாசம் சடங்கு வைக்கிறாங்களாம், பிள்ளையையும் கூட்டிட்டுப் போறானாம், அந்தப் பாட்டு தெரிஞ்ச கிழவர் இன்னும் ஒருத்தர் இருக்காராம். இதை எழுதட்டுமான்னு கேட்டேன்.

"எழுதுங்க. பேர் போடாதேங்க."